இரண்டு கை கல்லுப்பு

எனக்குச் சர்க்கரை வந்தது பத்தொன்பது வயதில். வந்த நாளிலிருந்து ஊசிதான். உடம்பு இன்சுலினைச் சுரக்கவே சுரக்காத வகை, மாத்திரைக்கெல்லாம் கேட்காது. இதை நான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் காதில் விழுவது சர்க்கரை என்கிற ஒரு சொல் மட்டும்தான். உடனே ஆரம்பித்துவிடுவார்கள். பாகற்காய் சாறு குடி. சோற்றை விடு. நட, நடந்தால் எல்லாம் சரியாகிவிடும். காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் மீனோடு சேர்த்து ஒரு வைத்தியமும் இலவசமாகக் கிடைக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மா, நான் கல்யாணம் ஆனவளா என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஆவாரம்பூவைப் பற்றி எண்ணூர் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள். ஊசி போடாமல் ரெண்டு நாள் இருந்தால் உனக்கு என்ன ஆகும் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. செத்துப்போவேன் என்பது பதில். அதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

நடந்தால் இறங்கும் என்பது உண்மைதான். எனக்கு அதுவேதான் தொல்லை. ஊசி போட்டுவிட்டு நடந்தால் சர்க்கரை இறங்கும், இறங்கிக்கொண்டே போகும், வேண்டிய இடத்தில் நிற்காது. கை நடுங்கும், பார்வை மங்கும், யார் மேலேயாவது எரிந்து விழுவேன். (சும்மாவே எரிந்து விழுகிறவள்தானே என்பார் என் கணவர்.) அந்த நேரத்தில் வாயில் ஏதாவது இனிப்பைப் போட்டாக வேண்டும். அதனால் நடை என்றால் எனக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புகிற வேலை இல்லை. கிளம்பும் முன் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். ஊசியின் அளவைக் குறைக்க வேண்டும். கையில் கடலை மிட்டாய், குளுக்கோஸ் பொட்டலம். வழியில் ஒரு முறை, வந்து ஒரு முறை மறுபடியும் விரலைக் குத்த வேண்டும்.

இப்படி ஒரு வருடம் நடந்தேன். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுவது என் வேலை. வேலை முடிந்ததும் கடலோரச் சாலையில், வரிசையாக நிற்கும் டிரெய்லர்களுக்கும் கல் கொட்டிய கரைக்கும் நடுவே, காசிமேடு வரைக்கும் நடந்தே வீட்டுக்குப் போவேன். புழுதி மூக்கை அடைக்கும். டிரெய்லர் டிரைவர்களுக்கு என்னைப் பார்த்துப் பழகிவிட்டது. "இன்னா மேடம், பஸ்ஸு கெடைக்கலியா?" என்று கேட்டவர்கள் பிறகு வழிவிட்டு நின்றார்கள். எந்தக் கம்பத்துக்கு வரும்போது எனக்கு எவ்வளவு இறங்கியிருக்கும் என்று மீட்டரைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். என் உடம்பைப் பற்றி எனக்கு இருந்த படிப்பு அது. வேறு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை.

இத்தனையும் எதற்கு என்றால், வேளாங்கண்ணிக்கு நடக்க.

எங்கள் தெரு முனையில், குகை மாதிரி கட்டி மாதா சிலை வைத்த கெபி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அங்கிருந்து நாற்பது ஐம்பது பேர் காவி கட்டி, கொடி பிடித்து, நடந்தே வேளாங்கண்ணிக்குப் போவார்கள். பத்துப் பதினோரு நாள் ஆகும். கூட்டிப்போவது என் கணவரின் அண்ணன். எனக்கு மூத்தார். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற தொழில் அவருக்கு. விடியற்காலை மீன்பிடி போட்டுகளுக்கு ஏற்றும் ஐஸ் பாதி அவர் கையால் உடைந்ததாகத்தான் இருக்கும். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு சொல்ல எனக்கு மனசு வராது.

நானும் நடக்கிறேன் என்று கேட்ட போதெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொன்னார். "உனுக்கு ஒத்துவராதும்மா. நீ வேன்ல வந்துடு."

வேனில் வருகிறவர்கள் யார் தெரியுமா? சமையல் பாத்திரம், அரிசி மூட்டை, தண்ணீர் பாக்கெட், காலில் கொப்புளம் வந்தவர்கள், எழுபதைத் தாண்டியவர்கள். எனக்கு அப்போது முப்பத்தொன்பது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேரைவிட நான் வேகமாக நடப்பேன். என்னை மூட்டையோடு மூட்டையாக ஏற்றி அனுப்பினால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா? ஒரு முறையாவது, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, என் காலால் நடந்து போய் அந்தக் கடற்கரையில் நிற்க வேண்டும். நோயாளி என்ற பெயரில்லாமல். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். என் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை என் கணவர் அண்ணனிடம் காட்டினார். மூத்தார் முணுமுணுத்துக்கொண்டே நோட்டில் என் பெயரை எழுதினார்.

கிளம்பிய அன்று என் கையில் ஒரு ஒயர் கூடை. அதற்குள் ஒரு குட்டி மண் கலயம், சுற்றி ஈரத்துணி. கலயத்துக்குள் பிளாஸ்டிக் டப்பாவில் நான்கு குப்பி மருந்து. சாப்பாட்டுக்கு முன் போடும் தெளிந்த மருந்து இரண்டு, நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பால் நிற மருந்து இரண்டு. வெயிலுக்கு இது போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். துணி காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இன்னா, கள்ளு எறக்கினு போறியா?" என்று கூட்டமே கேலி செய்தது. நானும் சிரித்தேன்.

என் கணவர் கொடி பிடித்து முன்னால் நடந்தார். எனக்குத் துணையாக நடந்தது எங்கள் தெருவிலேயே இருக்கும் மீன்கார அக்கா. காசிமேட்டில் ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, ராயபுரம் மார்க்கெட்டில் விற்கிறவள். அவள் புருஷன் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவர் ஆத்துமாவுக்காக நடக்கிறாள். அவருக்கும் சர்க்கரை, அவரும் கடைசி மூன்று வருடம் ஊசிதான்.

"ஊசி போட்டும் ஏறிகினேதான் இருந்துச்சு பாப்பா. டாக்டரு என்னியப் பாத்துத் திட்றாரு. இவுரு எனுக்குத் தெரியாம எதனா துன்றாருன்னு எனுக்கு அப்பவே தெரியும். பாயிண்டா கேட்டா, மாதா மேல சத்தியமா துன்னலன்றாரு. எத்தினி சண்ட. கடைசி நாள்கூட திட்டிகினுதான் சோறு போட்டேன்."

நான் உம் கொட்டினேன். அவள் அதைச் சொல்லும்போது அழவில்லை. திட்டியதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. திட்டிய காரணத்தில் சந்தேகம் இல்லை.

முதல் மூன்று நாள் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். விடிவதற்கு முன் கிளம்புவோம், வெயில் ஏறும் வரை நடப்போம், தோப்பு எதிலாவது படுப்போம், நாலு மணிக்கு மறுபடியும். ஊசியின் அளவை நன்றாகக் குறைத்திருந்தேன். ஒரே ஒரு முறை மாமல்லபுரம் தாண்டி இறங்கியது. உட்கார்ந்து, மிட்டாயைக் கடித்து, கால் மணி நேரத்தில் எழுந்து கூட்டத்தைப் பிடித்துவிட்டேன். மூத்தார் பார்த்தார், வேனில் ஏறு என்று சொல்லவில்லை. என் கணவர் முகத்தில் ஒரு பெருமை. இருபது வருடத்தில் முதல் முறையாக, என் நோய் என்னோடு நடந்து வருவதாக இருந்தது. நான் அதன் பின்னால் போகவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சாலையில் பெண்கள் ஒதுங்க இடமில்லை. ஐநூறு கொடி கட்டுகிறார்கள், மைல் கணக்கில் டியூப் லைட் போடுகிறார்கள், ஆயிரம் பேருக்கு லெமன் சாதம் பொங்குகிறார்கள், ஒரு தடுப்புத் துணி கட்ட யாருக்கும் தோன்றவில்லை. தண்ணீரே குடிக்காமல் நடந்த பெண்களை நான் பார்த்தேன். சர்க்கரை உடம்புக்குத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் விஷம்தான்.

நான்காம் நாள் மரக்காணம். உப்பளங்களுக்கு நடுவே போகிற சாலை. நிழல் என்று ஒரு முழம்கூட இல்லை. வெயில் மேலிருந்தும் அடித்தது, உப்பிலிருந்தும் அடித்தது. கலயத்தின் ஈரத்துணி கால் மணிக்கு ஒரு முறை காய்ந்தது. நான் குடிக்கிற தண்ணீரை அதில் ஊற்றிக்கொண்டு வந்ததை மூத்தார் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது. மருந்து வெந்து பூடும். குடு இப்டி, ஐஸ் பொட்டில போட்டுக்கலாம்."

வேனில் பெரிய தெர்மாகோல் பெட்டி இருந்தது. பால் பாக்கெட்டும் மோரும் வைக்க. நான் தயங்கினேன். "ஃப்ரீசர்ல வைக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க மாமா."

"ஃப்ரீசர்ல யாரு வெக்கறாங்க? இது ஐஸு. முப்பது வருசமா ஐஸு ஒடைக்கறேன். ஐஸப் பத்தி எனுக்கே சொல்றியா?"

"குடு பாப்பா," என்றாள் மீன்கார அக்காவும். "ஐஸ்ல கீறது ஒன்னியும் கெடாது."

எனக்கும் அது சரி என்றே பட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. நானும் அந்தக் கரையில் பிறந்தவள்தானே. எங்கள் ஆட்களுக்கு ஐஸ் என்றால் காப்பாற்றுவது. பத்து நாள் கடலில் கிடந்த மீனைப் பிடித்த மாதிரியே கொண்டு வந்து கொடுக்கிறது. ஃப்ரிட்ஜ் வேறு, ஃப்ரீசர் வேறு, ஐஸ் வேறு என்றுதான் என் தலைக்குள்ளும் இருந்தது. நான்கு குப்பியையும் கொடுத்தேன். ஒன்றைக்கூடக் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இருபது வருடப் படிப்பு, அந்த இடத்தில் எங்கே போனதோ.

மறுநாள் சாயங்காலம் பாண்டிச்சேரி. அங்கே தெரிந்த ஐஸ் ஃபேக்டரியிலிருந்து மூத்தார் ஒரு பாறை ஐஸ் வாங்கி, உடைத்து, பெட்டியை நிரப்பினார். மரக்காணத்தில் வாங்கி வந்திருந்த கல்லுப்பை எடுத்து மேலே இரண்டு கை தூவினார். உப்பு போட்டால் ஐஸுக்குக் குளிர் இன்னும் ஏறும், உள்ளே இருப்பது கல்லாகப் பிடிக்கும். தூரத்துக்குப் போகும் மீனுக்கு அவர் செய்கிற கைவேலை அது. எனக்கென்று தனியாக அக்கறை எடுத்துச் செய்தார். குப்பிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, நடு ஐஸில் புதைத்தார்.

விடியற்காலை மருந்து கேட்டபோது, அவர் குப்பிகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"கொஞ்சம் கெட்டியா கீது. இரு, வேன் இஞ்சின் மேல வெக்கறேன், எளகிடும்."

இளகிவிட்டது. தெளிந்த மருந்து தெளிவாகவே இருந்தது. பால் நிறக் குப்பியைக் குலுக்கினேன். வழக்கமாகக் குலுக்கினால் ஒரே சீராகும். அன்று கண்ணாடிச் சுவரில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு குப்பியைப் பார்த்தேன், அதிலும். பார்த்தேன் என்பதை நன்றாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை. கூட்டம் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. செபமாலை ஆரம்பித்தாகிவிட்டது. மூத்தார் எதிரில் நின்று, முகத்தில் அத்தனை அக்கறையோடு, "இன்னாம்மா, சரியா கீதா?" என்றார். தம்பி பெண்டாட்டி, மூத்தாரிடம், நாற்பது பேர் முன்னால், நீங்கள் கெடுத்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வாள்? சரியாக இருக்கிறது என்றேன். போட்டுக்கொண்டேன்.

அன்று மத்தியானம் கடலூருக்கு முன்னால் விரலைக் குத்தினால் முந்நூற்று எண்பது. நடக்கிற நாளில் எனக்கு அப்படி வந்ததே இல்லை. ஊசியைக் குறைத்தது அதிகமோ என்று கூட்டிப் போட்டேன். சாயங்காலம் நானூற்று ஐம்பது. இன்னும் கூட்டினேன். தாகம் தொண்டையைக் கிழித்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒதுங்க வேண்டும். எங்கே ஒதுங்குவது என்று முன்னமே சொன்னேன்.

விஷயம் கூட்டத்துக்குத் தெரிந்துபோனது. அதற்குப் பிறகுதான் உண்மையான வேதனை.

"வழியில பந்தல்ல ஜாங்கிரி குடுத்தாங்க இல்ல, துன்னுட்டியா?"

"இல்லக்கா."

"பாயசம் ஒரு டம்ளர் குட்ச்சிருப்ப."

"இல்லன்னு சொல்றேன்ல."

"சொம்மா சொல்லு பாப்பா, யாரும் திட்ட மாட்டோம்."

நான் சாப்பிடவில்லை. மோர் மட்டும் குடித்திருந்தேன். நாலு பேர் கேட்டார்கள், நாலு பேரும் நம்பவில்லை. ஐந்தாவதாக என் கணவரே, தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். பன்னிரண்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவர். அவர் கேட்ட விதம் அன்பாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சர்க்கரைக்காரி என்றால் திருடி என்பது ஊர் முடிவு. திறந்த வாயைப் பார்த்தால் ஜாங்கிரிதான் அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் எல்லோருக்கும் தெரிந்த அந்த வைத்தியம் வந்தது. மூத்தாரே சொன்னார். "ஏறிச்சுன்னா இன்னா, நட. நல்லா வேகமா நட. தானா எறங்கிடும்."

உடம்பில் மருந்தே வேலை செய்யாதபோது நடந்தால் இறங்காது, ஏறும். அத்தோடு ரத்தத்தில் விஷம் ஊறும். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் தலை வேலை செய்யவில்லை. மறுநாள் காலை, ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்த உடம்போடு, அக்கா ஒரு கையையும் என் கணவர் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, என்னை வேகமாக நடக்க வைத்தார்கள். கூடவே 'மாதாவே சரணம்' சொன்னார்கள். மீட்டர் எண் காட்டுவதை நிறுத்திவிட்டு, அதிகம் என்ற எழுத்தை மட்டும் காட்டியது. மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது. சிதம்பரத்துக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும்போது கீழே உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என் காலால் நான் எழவில்லை.

பக்கத்தில் இருந்த அரசு சுகாதார நிலையத்துக்கு அதே வேனில்தான் கொண்டுபோனார்கள். அரிசி மூட்டைமேல் சாய்த்து. அங்கே இருந்த நர்ஸ் சின்னப் பெண். என்னைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள், சிறுநீர் எடுத்துப் பார்த்தாள், கையில் குளுகுளுவென்று சலைன் ஏறத் தொடங்கியது. பிறகு, "எங்க, போட்ட மருந்தக் காட்டுங்க" என்றாள். குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இத எதுல வச்சிருந்தீங்க?"

"ஐஸ்லதாம்மா," என்றார் மூத்தார், கொஞ்சம் பெருமையாகவே. "உப்பு போட்டு, நல்லா கெட்டியா."

"உறைஞ்சு போச்சுன்னா இது மருந்தே இல்லீங்க. வெறும் தண்ணி. ரெண்டு நாளா இவங்க ஊசியே போடல."

நான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். எனக்குத் தெளிவாகக் கேட்டது. மூத்தாருக்கும் கேட்டது.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் நான்கு நாள். என் கணவர் கூடவே இருந்தார்; கேட்ட கேள்விக்கு மன்னிப்பும் கேட்டார். கூட்டம் நடந்து போய்ச் சேர்ந்துவிட்டது. எங்களை ரயிலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரை எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊருக்கு வந்து பார்த்தால் கதை எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. வேறு கதை. கெபியில் நன்றிச் செபம் வைத்து, மூத்தார் மைக்கில் சாட்சி சொன்னாராம். என் தம்பி பெண்டாட்டிக்கு வழியில் உயிர் போக வேண்டியது, அவள் பெயரில் ஆளுயர மெழுகுவர்த்தி ஏற்றினேன், மாதா திருப்பிக் கொடுத்தாள் என்று. தெருவே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கியது. "பெரியவரு இல்லன்னா நீ இல்ல" என்றார்கள். ஐஸ் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எனக்கு மாதா மேல் கோபமில்லை. அவள் ஐஸில் எதையும் புதைக்கவில்லை. ஒரு வார்த்தை, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் அன்றே மறந்திருப்பேன். அவர் சொல்லவில்லை. பொங்கலுக்கும் சொல்லவில்லை, ஈஸ்டருக்கும் சொல்லவில்லை. ஒரு வருடம் முழுக்க அது என் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

நான் மறுபடியும் கடலோரச் சாலையில் நடக்க ஆரம்பித்தேன். கலயத்தைக் கழுவி, புதுத் துணி தைத்தேன்.

அடுத்த ஜூலையில் பெயர் எழுதும் கூட்டம். கெபிக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சாயங்காலச் செபம் முடிந்த நேரம். மூத்தார் நோட்டை விரித்துவிட்டு முதலில் சொன்னார்: "இந்த வருசத்துலர்ந்து, ஊசி போட்டுக்கறவங்க நடக்க வாணாம். போன வருசம் பட்ட பேஜாரு போதும். அவங்க ஒடம்பு அதுக்குத் தாங்காது."

என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். நான் எழுந்துவிட்டேன்.

"ஒடம்புலாம் தாங்குச்சு," என்றேன். "மூணு நாள் உங்க எல்லாரையும் விட முன்னாடி நடந்தேன். மரக்காணத்துல என் மருந்த வாங்கி ஐஸ்ல பொதைச்சீங்க மாமா. உப்பு வேற போட்டீங்க. மருந்து ஒறஞ்சு செத்துப்போச்சு. நர்ஸு உங்க எதிர்லதான சொன்னா? அது செத்தது தெரியாம ரெண்டு நாள் போட்டுகினு நடந்தேன். நான் ஜாங்கிரி துன்னேன்னாங்க இவங்க எல்லாரும். நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். சொல்லல. இப்ப என் ஒடம்பு மேல பழி போடறீங்க."

மூத்தார் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. எங்கள் வீட்டில் அவர் எதிரில் எந்த மருமகளும் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடத்து முள் வெளியே வந்துவிட்டது. அவர் பதில் சொல்லட்டும் என்று நின்றேன்.

பேசியது அவரில்லை. பின் வரிசையிலிருந்து மீன்கார அக்கா.

"பாப்பா. ஐஸ்ல வெச்சா மெய்யாலுமே அந்த மருந்து செத்துடுமா?"

"ஒறஞ்சுதுன்னா செத்துடும்க்கா," என்றேன், அதே வேகத்தில். எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"உப்பு போட்டாக்கூடவா?"

"உப்பு போட்டா இன்னும் சீக்கிரமா ஒறையும்."

"அப்புறம் எளகினாலும் சரியாவாதா?"

"ஆவாது."

அவள் தலையை ஆட்டினாள். மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டாள். "எங்க வூட்ல ஃப்ரிட்ஜு இல்ல," என்றாள், யாருக்கோ விளக்கம் சொல்வது போல. "மீன் பொட்டிலதான் வெப்பேன். அடியில, பத்திரமா. நானும் உப்பு போடுவேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மூத்தார் நிமிர்ந்தார். அன்றைக்கு முதல் முறையாக என்னைப் பார்த்தார், உடனே அவளிடம் திரும்பினார். "அத்த உடுக்கா. அவுருக்குப் போட்டது வேற மருந்து. அது ஐஸ்ல ஒன்னியும் ஆவாது." குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதே இல்லை.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"அப்ப அவுரு திருடித் துன்னலியா?"

ஆமாம் அக்கா, அது வேற மருந்துதான் என்று சொல்லியிருக்கலாம். மூத்தார் அதற்கு வழியும் திறந்து வைத்திருந்தார். அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் அப்படிச் சொன்னால் செத்துப்போன அந்த மனுஷன் திருடன் ஆகிவிடுவார். மாதா மேல் சத்தியம் செய்தும் நம்பப்படாத மனுஷன். கடலூர்ச் சாலையில் என்னை நாலு பேர் கேட்டது எனக்கு மறக்கவில்லை. அந்த நாலு பேரில் ஒருத்தி அக்கா.

"துன்னலக்கா," என்றேன்.

அவள், "சொல்லிகினேதான் கெடந்தாரு," என்றாள். எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கெபியைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மூத்தார் நோட்டை மூடினார். என் பெயரை எழுதினாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.